மத்தியானத்து மகிமை

ஊரில் இனி யாருக்கும் கை வலிக்கக் கூடாது என்று ஒரு மகான் கிளம்பிவிட்டார். கிளம்பியவர் சும்மா வந்தாரா? ஒலிபெருக்கி, இரண்டு சீடர்கள், ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஒரு பித்தளை அண்டா, இத்தனையோடும் வந்து இறங்கி, பல வருஷமாக மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

மூட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சு விழுவதால்தான் விரல் மடங்காமல் போகிறதாம். அவர் தொட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடுமாம். அதனால் முடிச்சவிழ்க்கும் ஐயா என்று பெயர். சுருக்கிச் சொன்னால் வேறு அர்த்தம் வந்து தொலையும் என்பதால் பக்தர்கள் முழுப் பெயரையும் மூச்சுப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டமென்றால் கூட்டம், எள் போட்டால் எள் விழாத கூட்டம். விடிவதற்கு முன்பே வந்து நிற்க வேண்டும். சூரியனுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அருள் கிடையாது என்று சட்டம். வாசலில் ஒரு சீடன் செல்போனோடு நிற்பான். “கையை மூடுங்க” என்பான். மூட முடியாது. பாதியில் நிற்கிற விரல்களைப் படம் எடுத்துக்கொள்வான். அடுத்த சீடன் அண்டாவைக் காட்டுவான். ஆஸ்பத்திரி மாத்திரையெல்லாம் அதில் போட வேண்டும். விஷம் உள்ளே இருக்கிற வரைக்கும் அருள் உள்ளே வராதாம். பிறகு ஆளுக்கொரு கிண்ணம் வெந்நீர், அதற்குள் ஒரு கூழாங்கல். கல்லை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்குத் தவம் என்று பெயர். வெயில் மேல்ஜன்னலைத் தொடுகிற நேரத்துக்கு ஐயா தூங்கி எழுந்து, குளித்து, பளபளவென்று இறங்கி வருவார். ஒவ்வொரு கையாகத் தொட்டு, “அவிழ்ந்தது, போ!” என்பார். கை மூடிக்கொள்ளும். மறுபடியும் ஒரு படம். இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டப்படும். காணிக்கையும் அங்கே விற்கிற எண்ணெயும் தனி.

இந்தச் சுவரில் எல்லாவற்றுக்கும் நடுவே, பெரிதாக, சட்டம் போட்டு மாட்டியிருந்தது தையல்காரம்மாவின் கை.

அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்கு ஒரு வியாதியும் கிடையாது, அடுத்தவர் வியாதிக்கு வழி சொல்வதைத் தவிர.

“அண்ணி, காய்கறிக் கடைக்காரருக்கு அஞ்சு வருஷமா மடங்காத கை. ஐயா தொட்டாரு, மனுஷன் அங்கேயே தராசைத் தூக்கிக் காட்டிட்டாரு!”

“கை வலிக்காரரு தராசை எதுக்கும்மா அங்க தூக்கிட்டுப் போனாரு?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது அண்ணி. நம்பிக்கை வேணும்.”

தையல்காரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு வந்திருந்தது முடக்குவாதம். விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, சுட்டு, இறுகிப்போகிற வியாதி. மிஷின் மிதிக்க ஆள் வைத்துக்கொள்ளலாம். துணி வெட்டுவதற்கு வைக்க முடியாது. சட்டையோ பேண்ட்டோ, உடம்பில் உட்காருவது அவள் கத்தரிக்கோல் போகிற போக்கில்தான் இருந்தது. அந்தக் கை போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்ற பயம் அவளை ராத்திரியும் பகலும் தின்றுகொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள். லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையில் வட்டமாக நாற்காலி போட்டு, மூட்டு நோய்க்காரர்களை உட்காரவைத்து, வியாதியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பாள். வாயில் கொஞ்சம் காரம் அதிகம்.

“உங்க உடம்புல இருக்கிற காவல்காரன் ஆள் தெரியாம வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிறான். வாரா வாரம் போடற மாத்திரை அவனைப் பிடிச்சு உக்கார வைக்கும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. வலி ஏறினா எனக்கு போன் பண்ணுங்க. வலி இல்லாத அன்னிக்கு மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கிட்டு, மறுநாள் படுத்துக்காதீங்க.” கத்தரிக்கோலுக்கு ஸ்பிரிங் போடச் சொன்னதும், சாவிக்குத் துணி சுற்றித் தடிமனாக்கச் சொன்னதும் அவள்தான்.

“இது ஒரேயடியா போயிடுமா சிஸ்டர்?” என்று தையல்காரம்மா ஒரு நாள் கேட்டாள்.

“போகாது. நாம சொல்ற பேச்சைக் கேக்க வைக்கலாம்.”

யாருக்கு வேண்டும் இந்தப் பேச்சு? ஒருத்தி போகாது என்கிறாள். ஒருவர் இன்றைக்கே போய்விடும் என்கிறார். ஜனங்கள் யாரிடம் போவார்கள்? லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஐஸ் தொழிற்சாலையில் நிற்க இடமில்லை.

ஐயா தொட்ட அன்றைக்குத் தையல்காரம்மாவின் கை முழுசாக மூடியது உண்மை. அவள் அழுதுவிட்டாள். ஒலிபெருக்கி அந்த அழுகையையும் விடவில்லை. மாத்திரை அட்டை அண்டாவுக்குள் போனது, படம் சுவருக்குப் போனது.

மறுநாள் விடிந்தபோது கை பழையபடி கட்டையாக இருந்தது. “முடிச்சு மறுபடி விழுந்திருக்கு. திரும்ப வாங்க” என்றார்கள். திரும்பப் போனாள். மறுபடி மறுபடி போனாள். முதல் மாதம் காலைவெயிலுக்கே மடங்கிய கை, இரண்டாம் மாதம் உச்சிவெயில் கேட்டது, மூன்றாம் மாதம் சாயங்காலத்தைக் கேட்டது. “பழைய வினை, கனமா இருக்கு” என்று சீடன் விளக்கினான். வினை மணிக்கட்டில் உருண்டையாக வீங்கிச் சிவந்து நின்றது. ஒரு வாடிக்கைக்காரரின் விலை உயர்ந்த கோட்டுத் துணி கோணலாக வெட்டுப்பட்டது. அன்றைக்கு அவள் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

நர்ஸ் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. இன்னொரு தரம் பண்ணினாள். அப்புறம் ஒரு நாள் காலையில் நேரே கடைக்கே வந்து கதவைத் தட்டினாள். உள்ளே தையல்காரம்மா வெந்நீர் வாளியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கடை எப்போ திறப்பீங்க?” என்றாள் நர்ஸ். திட்டுவாள் என்று எதிர்பார்த்த தையல்காரம்மாவுக்குக் குழப்பமாக இருந்தது.

“மத்தியானத்துக்கு மேலதான் சிஸ்டர்.”

“ஏன், காலையில யாரும் வர மாட்டாங்களா?”

“வருவாங்க. எனக்குத்தான் காலையில கை மடங்காதே. முன்னெல்லாம் வெந்நீர்ல போட்டு, மெல்ல மெல்ல உருட்டி விட்டா, உச்சிப்பொழுதுக்குத் தானா...”

சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்படி எத்தனை வருஷமா?”

“வியாதி வந்ததுலேருந்து.”

“உங்க ஐயா ஊருக்குள்ள வந்து எத்தனை மாசம்?”

தையல்காரம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “ஆனா ஃபோட்டோவெல்லாம் பொய் இல்ல சிஸ்டர். நானே என் கண்ணால பாத்தேன்.”

“பொய்யே இல்ல. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. இந்த வியாதி காலையில இறுக்கும், போகப் போகத் தளரும். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு. ஐஸ் ஃபேக்டரியோட ஜில்லுன்னு கிடக்கிற தரையில கொண்டுபோய் விடியக்காலையில நிக்க வச்சா நல்ல கையே இறுகும். நடுவுல வெந்நீர் பாதி வேலை செஞ்சுது, நேரம் பாதி செஞ்சுது. ஐயா என்ன செஞ்சாருன்னு தனியாப் பாத்தீங்களா?”

“அதை எப்படித் தனியாப் பாக்கறது?”

“புதுசா ஒரு துணி வருது. தண்ணி பட்டாச் சுருங்குமான்னு தெரியணும். என்ன பண்ணுவீங்க?”

“ஒரே அளவுல ரெண்டு துண்டு வெட்டுவேன். ஒண்ணை நனைப்பேன், ஒண்ணை நனைக்காம வச்சு...” தையல்காரம்மா வாளியிலிருந்து கையை எடுத்தாள். துணிக்குச் செய்கிற சோதனையைத் தன் கைக்குச் செய்து பார்க்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது.

அடுத்த வாரம் ஐயாவுக்கு விழா. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள். சுவரில் இருக்கிற கை மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சீடர்கள் வந்து அழைத்திருந்தார்கள். தையல்காரம்மா ஒப்புக்கொண்டாள். நாத்தனார் புதுப் புடவையில் முன்வரிசை பிடித்தாள். நர்ஸ் லீவு போட்டுவிட்டு வந்து, கடைசி வரிசையில் ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

விடியும் முன் வாசலிலேயே தையல்காரம்மா ஆரம்பித்தாள்.

“ஐயாவை எழுப்புங்க. எனக்கு இப்பவே அவிழ்த்து விடட்டும்.”

“இப்பவா? நேரம் வரணும்மா” என்றான் சீடன்.

“நேரம் வந்தாத்தான் மடங்கும்னா, ஐயா எதுக்கு?”

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நாத்தனார் ஓடி வந்து, “அண்ணி, மானத்தை வாங்காதீங்க” என்று முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

கல் உருண்டது. வெயில் ஏறியது. மேல்ஜன்னலில் ஒளி விழுந்ததும் ஐயா கைகூப்பியபடி இறங்கி வந்தார். அவர் முதல் வரிசையைத் தொடுவதற்குள் தையல்காரம்மா மேடையேறி மைக்கைக் கையில் வாங்கிவிட்டாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கிண்ணத்தைக் கீழ வைங்க. ஐயா இன்னும் யாரையும் தொடல. பாத்துக்கிட்டீங்களா? இப்போ கையைத் தூக்கி, மூடிக் காட்டுங்க!”

ஜனங்களுக்குச் சொன்னதைச் செய்கிற பழக்கம். கைகள் எழுந்தன. ஒரு கூடம் நிறைய, தொடாத கைகளெல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. தங்கள் கையைத் தாங்களே பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

ஐயா லேசுப்பட்டவரா? ஒரு கணம்தான் விழித்தார்.

“பார்த்தீர்களா! இன்று தொடவே இல்லை. பார்வையாலேயே அவிழ்த்துவிட்டேன்!”

கைதட்டல் கிளம்பிற்று. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“அப்போ எனக்கும் அவிழுங்க” என்று தையல்காரம்மா கையை நீட்டினாள். “பாருங்க, தொடுங்க, ரெண்டும் பண்ணுங்க.”

ஐயா பார்த்தார். தொட்டார். பிடித்து அழுத்தினார். வலியில் அவளுக்குக் கண் இருட்டியது. வீங்கிய விரல்கள் பாதிவழியில் நின்றன.

“இந்த அம்மாவுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது” என்றார் ஐயா.

“எனக்கா? நம்பி மொத்த மாத்திரையையும் உங்க அண்டாவுல கொட்டினவ நான். கொட்டாம வீட்டுல ஒளிச்சு வச்சுக்கிட்டு, முழுங்கிக்கிட்டே வந்தவங்க யாரெல்லாம்? மனசாட்சியோட சொல்லுங்க.”

காய்கறிக் கடைக்காரர், பெருமைக்குரிய தராசுக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார்.

“நான் காலி அட்டையைத்தான் போட்டேன். ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கேக்கட்டும்னு...”

“நானும்தான்” என்றது ஒரு குரல். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று குரல்கள் கூடிக்கொண்டே போயின. அருளில் குணமான அத்தனை பேரும் ஆஸ்பத்திரி மாத்திரையில் குறை வைக்காதவர்கள். முழுசாக நம்பியவள் ஒருத்திதான் வீங்கிய கையோடு மேடையில் நின்றாள்.

நர்ஸ் எழுந்து முன்னால் வந்தாள். “காலையில இறுகுற கை, இளஞ்சூட்டுத் தண்ணியில அசைச்சு விட்டா, நேரம் ஆக ஆகத் தளரும். இதை நான் சும்மாவே சொல்லிக்கொடுத்தேன். அதனாலதான் உங்களுக்கு அது சப்புன்னு இருந்துச்சு. கை மடங்கிட்டா வியாதி போச்சுன்னு அர்த்தமில்ல. மாத்திரையை நிறுத்தினா அது உள்ள இருந்து எலும்பை அரிச்சுக்கிட்டே இருக்கும்.”

மூடிய கைகளை யாரும் இன்னும் இறக்கவில்லை. நூற்றுக்கணக்கான முஷ்டிகள் தம் பக்கம் திரும்பியதைக் கண்ட ஐயாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ, பின்கதவு வழியாகப் பறந்துவிட்டார். அவருடைய மூட்டுகளில் ஒரு கோளாறும் இல்லை என்பது அந்த ஓட்டத்தில் தெரிந்தது.

அன்று விடியற்காலையில்தான் மாத்திரையைப் போட்டிருந்த வெளியூர் ஜனங்கள் அண்டாவின் மேல் பாய்ந்தார்கள். “தொடாதீங்க! எது யாரோடதுன்னு தெரியாது. நாளைக்கு எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று கத்துவதற்குள் நர்ஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தையல்காரம்மா மறுபடி மருந்துக்குத் திரும்பினாள். வீக்கம் வடிந்தது. நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்து, ஆள்காட்டி விரலில் நின்றாள்.

“மத்ததெல்லாம் பிழைச்சுது. இது மட்டும் இனி நேராகாது.”

“கத்தரிக்கோல் பிடிக்குமா சிஸ்டர்?”

“பிடிக்கும். வேற மாதிரி பிடிக்கக் கத்துக்கணும். நான் சொல்லித்தர்றேன்.”

அவள் கற்றுக்கொண்டாள். வெட்டு பழையபடி நேராக ஓடியது. நாலு மாதம் கழித்து நாத்தனார் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“அண்ணி, பக்கத்து ஊர்ல ஒரு அம்மா வந்திருக்காங்களாம். ஊதினாப் போதுமாம், முதுகுவலி பறந்துடுதாம்! போன ஆள் திருடன், இவங்க உண்மையானவங்க.”

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வளைந்துபோன அந்த ஆள்காட்டி விரலைத் தூக்கி, நாத்தனாரின் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“இதை வியாதி வளைக்கலம்மா. மண்டைக்குள்ள இருக்கிறதை மூணு மாசம் பூட்டி வச்சிருந்தேன் பாரு, அது வளைச்சுது. எனக்கு ஒரு விரலோட போச்சு. நீ எதைக் குடுத்துட்டு யோசிக்கப்போறே?”