ஒரு கற்றல் தருணமும் வீணாகாத வீடு

நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்டெடுத்த மகத்தான பொருள் 'கற்றல் தருணம்' என்பதை அறிஞர் உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது அறிஞர் உலகத்தின் குறை. அந்த மூன்றாவது மாடி வீட்டில் அது என்றைக்கோ ஒப்புக்கொள்ளப்பட்டு, தீர்மானமாக நிறைவேற்றப்பட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டுவிட்டது.

தீர்மானத்தை முன்மொழிந்தவர் அந்த வீட்டு அப்பா. வழிமொழிந்தவரும் அவரே. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பிரிவு மேலாளர். வளர்ந்த மனிதர்களை வட்டமாக உட்கார வைத்து, ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்லி, "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்பது அவர் தொழில். ஆறு வயது மகளையும் நாலு வயது மகனையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவானதும், அலுவலகத்தில் வீட்டிலிருந்தே அரைநாள் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தம்மை அந்த 'இல்லப் பள்ளி'யின் முதல்வராக நியமித்துக்கொண்டார். பதவிக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

இதற்கு அவர் வெளியில் சொன்ன காரணம் 'முழுமையான ஆளுமை வளர்ச்சி'. சொல்லாத காரணம் ஒன்று உண்டு. சின்னவன் முதல் அடி எடுத்து வைத்தபோது அவர் ஒரு கூட்டத்தில் 'குழு உணர்வு' பற்றிப் படம் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் பையன் சோபாவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். இனி இந்தப் பிள்ளைகளின் ஒரு தருணம்கூட என் கையை விட்டுப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினார். சின்னவனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் நடக்காமலே இருந்திருப்பான்.

முறை எளியது. வீட்டில் எதுவும் சும்மா நடக்கக் கூடாது. மாடிப்படி ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல். லிஃப்ட் பழுதாகிக் கிடந்த வாரத்தில் குடும்பத்தின் கணித அறிவு உச்சத்தைத் தொட்டது. துவைத்த காலுறைகளை ஜோடி சேர்த்தால் இரண்டாம் வாய்ப்பாடு. ஜோடி தொலைந்த காலுறை ஒற்றைப்படை எண். பெரியவள் விழுந்து முட்டியில் சிராய்த்துக்கொண்டு அழுதபோதுகூட, "எந்தக் கால்? இடதா, வலதா?" என்று திசையறிவை முடித்துவிட்டுத்தான் மருந்தைத் தேடினார்.

மொழிப் பாடமும் பின்தங்கிவிடவில்லை. ஒருநாள் சின்னவன் தொடைகளை இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அப்பா, அவசரம்."

முதல்வரின் முகம் மலர்ந்தது. கழிவறைக் கதவின் முன்னால் மண்டியிட்டு, மகனின் தோளைப் பற்றினார். "அவசரம். அருமையான சொல். எந்த எழுத்துல ஆரம்பிக்குது கண்ணா? 'அ'வா, 'ஆ'வா?"

"அப்பா, வந்துடுச்சு."

"அவசரப்படாதே. உதட்டைக் கவனி. அ... அ..."

"வந்துடுச்சுப்பா."

விடை தவறுதான். ஆனாலும் தரை ஈரமாகிவிட்டதால் 'ஈ' அன்றைக்கே முடிந்தது. அதை அவர் 'கற்கும் கணங்கள்' என்ற பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். குழுவின் ஒருங்கிணைப்பாளரும் அவரே. கை தட்டும் படங்கள் வந்து குவிந்தன.

பிள்ளைகளின் முன்னேற்றம் வியக்கத்தக்கதாக இருந்தது. முதல் சில வாரங்கள் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெரியவள், பிறகு அந்தச் சாதாரண நிலையைக் கடந்து போய்விட்டாள்.

"தட்டுல எத்தனை பட்டாணி இருக்கு, சொல்லு பாப்பா?"

"பச்சை," என்றாள் அவள்.

முதல்வர் திகைத்தார். நெற்றியைத் தடவினார். எண்ணிக்கை கேட்டால் நிறம் வருகிறதே, இதற்குள் ஏதோ இருக்க வேண்டுமே என்று யோசித்து, 'நிறவழிக் கணிதச் சிந்தனை' என்று பெயர் சூட்டி, குழுவில் நீண்ட குறிப்பு எழுதினார். நிமிர்ந்து பார்த்தபோது தட்டு காலி. பூச்சியம் நடத்த நல்ல வாய்ப்பு. ஆனால் மாணவி கை கழுவப் போய்விட்டாள். அடுத்த வாரம் சின்னவனும் எல்லாவற்றுக்கும் "பச்சை" என்றான். சிந்தனை பரவுகிறது என்று முதல்வர் பூரித்தார்.

அம்மா பல் மருத்துவர். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். பூரிக்க அவருக்கு நேரம் இல்லை.

"ஏங்க, இந்தப் பிள்ளைங்க சூடா ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"நல்ல கேள்வி. பாப்பா, அம்மா கேட்டதுக்கு விரல் விட்டு..."

"நான் கேட்டது உங்கள. என்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்தா, வேலை முடிஞ்சதும் நான் மூட விட்டுடுவேன். உங்ககிட்ட சிக்கினா மூடவும் முடியல, மெல்லவும் முடியல."

"நீ இதை மருத்துவக் கண்ணோட்டத்துல பாக்குற."

"நான் அம்மாவா பாக்குறேன்."

ஆனால் பிள்ளைகளின் ஒரே மனக்குறை சாப்பாடு அல்ல, நீர்யானை. எட்டே பக்கம் உள்ள படக்கதைப் புத்தகம் அது. ஒரு நீர்யானை ஊருக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கிறது. நாலாம் பக்கத்தில் அதன் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. அந்த இடத்தில் முதல்வர் புத்தகத்தின் மேல் கையை வைத்துவிடுவார். வரிசையில் மொத்தம் எத்தனை கால்? நீர்யானையைக் கழித்தால் எத்தனை? 'வ'வில் தொடங்கும் பொருள்கள் எவை? அதற்குள் தூங்கும் நேரம் வந்துவிடும். மறுநாள் "மீள்பார்வை" என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிட்டது. நீர்யானை அதே நிறுத்தத்தில் நிற்கிறது.

"பஸ் வருமாப்பா?" என்று சின்னவன் கேட்பான்.

"அது உன் கையிலதான் இருக்கு கண்ணா. கால் எத்தனை?"

"பச்சை."

இந்த நிலையில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு எண்ணவும் எழுத்துக் கூட்டவும் வருகிறதா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமை வருவார் என்றார்கள்.

"அவங்க சரின்னா சரி," என்றார் அம்மா. "இல்லைன்னா திங்கக்கிழமை ரெண்டு பேரும் தெருமுனை ஸ்கூல்ல. நீங்க பழையபடி முழுநாள் ஆபீஸ்ல. அப்புறம் என்கிட்ட வந்து முழுமை, ஆளுமைன்னு எதுவும் பேசக் கூடாது."

முதல்வர் அன்றிரவே வீடு முழுக்கப் பெயர்ச்சீட்டு ஒட்டினார். நாற்காலியில் 'நாற்காலி', சுவரில் 'சுவர்', கண்ணாடியில் 'கண்ணாடி'. மிச்சமிருந்த ஒரு சீட்டில் 'அப்பா' என்று எழுதித் தம் சட்டையில் ஒட்டிக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் ஒட்டினார். ஆனால் முழுநாள் அலுவலகம், வட்டமாக உட்கார்ந்த மனிதர்கள், அந்தப் பந்து எல்லாம் நினைவுக்கு வந்ததும் சீட்டை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்த மேற்பார்வையாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. லிஃப்ட் மறுபடியும் பழுதானதால் மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு கதவருகே நின்று, முதல்வரின் சட்டையைப் படித்தார்.

"வணக்கம், அப்பா," என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்து, பையிலிருந்து சில பென்சில்களை எடுத்து மேசையில் வைத்தார். "இது எத்தனைம்மா?"

"பச்சை," என்றாள் பெரியவள்.

மேற்பார்வையாளர் பென்சில்களைப் பார்த்தார். எல்லாம் சிவப்பு.

"நிறவழிச் சிந்தனை, மேடம்," என்றார் முதல்வர்.

"பென்சில் சிவப்பா இருக்கே சார்."

"உயர்நிலை, மேடம்."

அவர் சின்னவன் பக்கம் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். "இது என்ன எழுத்து, தம்பி?"

"பச்சை."

"உன் வயசு?"

சின்னவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அப்பாவைப் பார்த்தாள். "அவனும் பச்சைதான் ஆன்ட்டி," என்றாள்.

மேற்பார்வையாளர் பேனா மூடியைத் திறந்தார். முதல்வருக்குச் சட்டைக்குள் வியர்த்து, நெஞ்சில் இருந்த 'அப்பா' ஒரு பக்கமாக உரிந்து தொங்கியது. "மேடம், ஒரு டீ சாப்பிட்டுட்டு எழுதலாமே," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடினார்.

டீ கொதித்தது. தட்டில் கோப்பையை வைத்துக்கொண்டு திரும்பி, கூடத்துக் கதவருகே வந்தவர் அப்படியே நின்றார். உள்ளே மகளின் குரல். தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"'பேருந்து வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். ஐயா நீர்யானையே, உங்களுக்கு இடம் போதாதே என்றார்.' அஞ்சாம் பக்கம் முடிஞ்சுது. திருப்புடா."

"பஸ் வந்துடுச்சா அக்கா?"

"வந்துடுச்சு. பேசாம கேளு."

மேற்பார்வையாளரின் குரல் கேட்டது. "உனக்குத்தான் இவ்ளோ நல்லாப் படிக்க வருதே. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. அப்பா கடைசி வரைக்கும் போக மாட்டாரு. தம்பி தினமும் அழுவான். அதான் அப்பா ஆபீஸ் வேலையா ஃபோன் பேசுறப்ப நானே கத்துக்கிட்டேன்."

"அப்போ நான் கேட்டதுக்கு ஏன் பச்சைன்னு சொன்ன?"

"சரியா சொன்னா அடுத்த கேள்வி வரும். தெரியாதுன்னு சொன்னா அப்பா பாட்டாப் பாடிச் சொல்லிக் கொடுப்பாரு. பச்சைன்னு சொன்னா அப்பா கொஞ்ச நேரம் யோசிப்பாரு. அதுக்குள்ள சாப்பிட்டுடலாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசுங்க ஆன்ட்டி. அப்பாவுக்குக் கேட்டா இதுவும் தருணமாயிடும்."

"அவர் வந்துடுவாரே."

"இன்னும் நேரம் இருக்கு. அப்பா ஒரு டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள நாலு பக்கம் படிக்கலாம். இன்னும் மூணுதான் இருக்கு."

கதவுக்கு இந்தப் பக்கம் முதல்வரின் கால் முன்னே எழுந்தது. நுழைந்தால் வெற்றி. என் மகள் படிக்கிறாள், பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அனுமதி கையில். மாணவியின் வாசிப்பு, நேர மதிப்பீடு, கழித்தல் எல்லாம் ஒரே தருணத்தில். குழு அதிர்ந்துபோகும்.

"'அப்போது பேருந்து புஸ்ஸென்று நின்றுவிட்டது,'" என்று படித்தாள் பெரியவள்.

"ஐயோ, அக்கா," என்றான் சின்னவன்.

முதல்வர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கோப்பை தட்டில் கிணுகிணுத்தது. அதைக் கையால் பொத்தினார். கை சுட்டது. விடவில்லை. நீர்யானை எல்லோரையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்து, சின்னவன் ஒரு பெருமூச்சு விட்டு, புத்தகம் மூடப்படும் சத்தம் கேட்கும் வரை அவர் அங்கேயே நின்றார். அந்த வீட்டின் கல்வி வரலாற்றில் முதன்முறையாக ஒரு தருணம், எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் கடந்து போனது.

ஆறிய டீயோடு உள்ளே வந்தார். பிள்ளைகள் இரண்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தன. புத்தகத்தைக் காணோம்.

மேற்பார்வையாளர் டீயை ஒரு வாய் குடித்தார். முகம் சுளிக்காமல் மீதியையும் குடித்தார்.

"அனுமதி உண்டு சார்," என்றார். "உங்க வீட்டுல படிப்பு ரொம்ப நல்லா நடக்குது."

முதல்வருக்கு மூச்சு திரும்பியது. "என்னோட முறை, மேடம்..."

"உங்க முறைதான் காரணம். அதுல சந்தேகமே இல்ல. ஒரே ஒரு நிபந்தனை. டீ நிறையப் போடணும்." அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புத்தக அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பா, இங்க இன்னும் ஆறு கதைப் புத்தகம் இருக்கு. எல்லாம் எட்டு எட்டுப் பக்கம். எத்தனை டீ வேணும்?"

பெரியவள் அலமாரியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன.

"பன்னண்டு," என்றாள்.

இல்லப் பள்ளியின் முதல்வருக்கு முன்னால், அவள் மனதாரச் சொன்ன முதல் சரியான விடை அதுதான்.