கொள்ளிடக்கரை முனிக்கு மாற்றுக் குடியிருப்பு

இந்த வரலாற்றை முதன்முதலில் எனக்குச் சொன்னவர், லால்குடியில் என் அடுத்த வகுப்பறையில் கணக்கு நடத்திய இருதயமேரி டீச்சர். ஆகையால் எண்ணிக்கையில் பிழை இராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், வனமகோத்சவத்தை முன்னிட்டுக் கொள்ளிடத்தின் வடகரையில் ஒரு மரக்கன்று நடுவதென அலுவலகம் தீர்மானித்தது. கன்றுக்கு வெயில் வேண்டும். தேர்ந்தெடுத்த இடத்திலோ மிகப் பழைய இலுப்பை ஒன்று நின்று, நிழல் தந்து, அரசுப் பணிக்கு இடையூறு விளைவித்தது. ஆகவே மரம் வளர்க்கும் விழாவின் முதல் நிகழ்ச்சியாக அம்மரத்தை வெட்டுமாறு ஆணை பிறந்தது.

பொறுப்பு நல்லுசாமியின் தலையில் விழுந்தது. ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக எழுத்தர் அவர். நிரந்தர உத்தரவைக் காட்டினால்தான் பெண்ணைக் காட்டுவோம் என்று லால்குடியில் ஒரு வீட்டார் சொல்லியிருந்தனர்.

"சனிக்கிழமைக்குள்ள மரம் விழணும். திங்கட்கிழமை உமக்கு உத்தரவு," என்றார் அதிகாரி சவரிராயன்.

மரத்தில் முனி குடியிருப்பதால் எந்த விறகுவெட்டியும் அதைத் தொட இசையவில்லை. சவரிராயனே ஜீப்பில் வந்து இறங்கினார். மர நிழலில் மோர் விற்றுக்கொண்டிருந்த மாரியாயி எழுந்து நின்றாள்.

"கை வெச்சிடாதீங்க ஐயா. வெள்ளத்துல இந்தக் கரையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதே முனிதான்."

"கரையைப் பிடிக்கிறது வேரும்மா! முனியாவது! சுத்த மூடநம்பிக்கை."

"சரிங்க. அப்ப மொத வெட்டு நீங்களே போடுங்க."

சவரிராயன் கோடரியைப் பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். முன்னெச்சரிக்கையாகச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

"எனக்கு இடுப்புப் பிடிப்பு. எதையும் முறைப்படி செய்யணும், நல்லுசாமி. குடியிருக்கிறவருக்கு நோட்டீஸ் கொடுக்காம எப்படிங்காணும் இடத்தைக் காலி பண்றது?"

'இலுப்பையின் மேற்குக் கிளையில் வசிக்கும் முனிக்குத் தெரிவிப்பது யாதெனில்' என்று தொடங்கிய நோட்டீஸ் மரத்தில் ஒட்டப்பட்டது. மாலைக்குள் மாரியாயியின் ஆடு அதைத் தின்றுவிட்டது. நோட்டீஸைக் காணாததால், அது உரியவரிடம் சேர்ந்ததாகக் கருதப்பட்டது.

மூன்றாம் நாள் மாரியாயிக்கு அருள் வந்தது. நல்லுசாமி தாளும் பேனாவுமாக நின்றார்.

"போறேன்டா! இதே உசரத்துல வேற மரம் காட்டு, போறேன்!"

எழுதி முடித்த நல்லுசாமி குரலைத் தாழ்த்தினார். "சாமி, என் வேலை நிரந்தரமாச்சுன்னா சேவல் ஒண்ணு, எலுமிச்சம்பழம் ஒம்பது, சுருட்டு மூணு."

"சுருட்டு உறையூர்ச் சுருட்டா இருக்கட்டும்," என்றது முனி.

கோரிக்கையைப் பரிசீலித்த சவரிராயன் கோப்பில் எழுதினார்: 'நடப்படவிருக்கும் கன்று, முனிக்கு மாற்றுக் குடியிருப்பாக ஒதுக்கப்படுகிறது. அது இலுப்பையின் உயரத்தை எட்டும்வரை முனி பழைய மரத்திலேயே தற்காலிகமாகத் தங்கலாம். கன்றை மாதந்தோறும் அளக்க ஓர் எழுத்தர் தேவை.' அவ்வேலைக்கு முடிவு தெரியாததால் பணியிடம் நிரந்தரமாக்கப்பட்டது.

நல்லுசாமிக்குத் திருமணம் நடந்தது. கன்றை ஆடு தின்றது. 'உயரம்: பூஜ்யம். வளர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது' என்று அறிக்கை போயிற்று. ஆண்டுதோறும் ஜூலையில் புதிய கன்று வந்தது. ஆடும் தவறாமல் வந்தது. ஒரு வெள்ளத்தில் அக்கம்பக்கத்துக் கரைகள் உடைந்து அந்த இடம் மட்டும் தப்பியபோது, கரையைக் காத்தது கன்றே என்று சவரிராயனுக்குப் பதவி உயர்வு அளிக்கப்பட்டது. நிரந்தரமான நல்லுசாமிக்கு நேர்த்திக்கடன் மறந்தே போயிற்று.

அறுபத்தேழில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: 'முனி இன்னும் அங்கு வசிக்கிறாரா? இல்லையெனில் பணியிடமும் திட்டமும் ரத்து.'

நல்லுசாமி வியர்க்க விறுவிறுக்க ஓடினார். முனி வசிப்பது உண்மையே என்று இரண்டு நாளில் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டனர். முதல் கையெழுத்து சவரிராயனுடையது. இருபத்தொன்பதாவது, வனமகோத்சவ விடுமுறை போய்விடுமே என்று கவலைப்பட்ட இருதயமேரி டீச்சருடையது. மாரியாயி மட்டும் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள்.

"இருக்கறவருக்கு எதுக்கு தம்பி சர்டிபிகேட்டு? குடுக்க வேண்டியதைக் குடு."

அன்று மாலையே, வனமகோத்சவ உரச் செலவு என்ற தலைப்பின்கீழ், நல்லுசாமியின் கடன் முழுமையாகத் தீர்க்கப்பட்டது: சேவல் ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்பது, உறையூர்ச் சுருட்டு மூன்று.