பணியாரப் பெட்டியும் பற்றரிப் பெட்டியும்

வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலே பாடம் நடத்துவோம். எனக்கு அது முற்றியிருந்த காலத்தில்தான், கல்யாணமான அக்காவின் புகுந்த வீட்டுக்கு நாங்கள் முதல் தடவை போனோம்.

"சம்பந்தி வீட்டுக்கு முதல் பலகாரம், மானம் போகக்கூடாது" என்று அம்மா பயற்றம் பணியாரம் சுட்டு, ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் அடுக்கினா. கடலுக்குப் போகும் அப்பாவோ, தலையில் கட்டும் லைற்றின் பழைய பற்றரிகளையும் வீங்கிப்போன போன் பற்றரியையும் குப்பையோடு கொளுத்தப் போனார்.

"அப்பா, வெடிக்கும்! நெல்லியடியிலை ஒரு கடையிலை உதுகளைச் சேர்க்கினம். போற வழியிலை நான் குடுக்கிறன்."

"படிச்ச பிள்ளை சொன்னால் சரிதான்."

அந்தப் பெருமையில் எல்லாவற்றையும் அதேமாதிரி இன்னொரு தகரப்பெட்டிக்குள் கொட்டினேன். (முனைகளுக்கு ரேப் நாடா ஒட்டவேண்டும், தகரத்தில் போடக்கூடாது, வீங்கியதைத் தனியே வைக்கவேண்டும். எல்லாம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்வதற்காகத் தெரிந்து வைத்திருந்தேன்.)

வல்வெட்டித்துறையில் ஏறும்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. சாமான் வைக்க எங்களுக்கிருக்கும் ஒரே இடம், சாரதிக்குப் பக்கத்து எஞ்சின் மூடி. தோசை சுடலாம், அவ்வளவு சூடு. பிள்ளையார் படத்துக்குக் கீழே இரண்டு பெட்டிகளையும் வைத்தேன்.

கொஞ்சத் தூரத்தில் புகை கிளம்பியது. முன்சீட்டுப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டா.

"ஆரப்பா சாம்பிராணி போட்டது?" என்றார் நடத்துனர்.

"பற்றரி! நிப்பாட்டுங்கோ!" பாய்ந்தேன். கையில் பட்ட பெட்டியை யன்னலால் வீசினேன். பஸ்ஸையே காப்பாற்றிவிட்டேன்!

புகை நிற்கவில்லை. வெளியே பணியாரம் வீதியில் உருண்டுகொண்டிருந்தது.

எல்லோரும் விழுந்தடித்து இறங்க, நடத்துனர் பஸ் கூட்டும் தும்புத்தடியால் சரியான பெட்டியை மணலில் தள்ளிவிட்டார். புகை அடங்கும்வரை தூரத்தில் நின்றோம். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை.

"பிள்ளை, உன்ரை பட்டத்தை எந்தப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறாய்?" என்றார் அப்பா.

வெறுங்கையோடும் புகை மணத்தோடும் போய், சம்பந்தி வீட்டில் நடந்ததைச் சொன்னோம். அக்காவின் மாமியார் கண்ணீர் வரச் சிரித்தா. மானம் எப்படியோ தப்பியது.

இப்போது ஒவ்வொரு பற்றரிக்கும் ரேப் ஒட்டி, பிளாஸ்ரிக் டப்பாவில்தான் கொண்டுபோகிறேன். ஆனாலும் நான் எதைக் கொண்டுபோனாலும் அந்த மாமி வாசலிலேயே மறித்துப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பா. போன கிழமை கேக் செய்து கொண்டுபோனேன். நன்றாகப் பொங்கி வந்திருந்தது.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இது வீங்கியெல்லே கிடக்கு," என்றா. "வெளியிலை வைச்சிட்டு வா."