ஓட்வாரின் படகுக் கொட்டிலும் நீங்கள் கேள்விப்பட்ட கதையும்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
பங்குனி 2006

மதிப்புக்குரிய பெரிய மச்சான் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் தங்கை சிவமலரும் மகள் யதுர்ஷாவும் குளிரைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அவ்விடம் ரொறொன்ரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், கோயில் தலைவர் பதவியில் உங்களுக்கு ஒரு சோலியும் வராமல் இருக்கவும் முருகனை வேண்டுகிறோம்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிவமலருக்குத் தொலைபேசி எடுத்து, "உன்ரை மனுசன் வேதக்காரப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் இன்சூரன்ஸ்காரனை ஏமாத்திப் பிடிபட்டிட்டாராமே?" என்று கேட்டீர்களாம். ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் கேள்விப்பட்டதாகவும் சொன்னீர்களாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் எனக்குப் பெண் தந்த வீட்டுக்கு நீங்கள் மூத்த ஆள். உங்களுக்காவது நடந்தது நடந்தபடி தெரியவேண்டும் என்பதற்காக, வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாங்கள் ஒருவரும் வேதத்துக்கு மாறவில்லை. யதுர்ஷாவோடு படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேர் கத்தோலிக்கர். அவர்களுடைய இளைஞர் குழுவுக்கு வெள்ளிக்கிழமைகளில் இவளும் போவாள். அங்கே கிற்றார் அடிப்பார்கள், பீட்சா சாப்பிடுவார்கள், கடைசியில் ஒரு செபம் சொல்லுவார்கள். செபத்துக்கு முதலே பீட்சா முடிந்துவிடும். தை மாதம் இங்கே மேற்குக் கரையில் ஒரு பெரும் புயல் அடித்து, அங்கே ஒரு சின்னத் தீவில் கூரை, மரம், படகு எல்லாம் நாசம். குழுவை நடத்துகிற மரியரஞ்சனி ரீச்சர், பள்ளிக்கூட மாரி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சனத்துக்கு உதவவேண்டும் என்று முடிவெடுத்தா. எங்களுடைய சிரமதானம் மாதிரி இங்கே ஊர் கூடிச் செய்கிற வேலைக்கு டுக்நாட் என்று பெயர். வாகனம் கிடைத்தது, ஓட்ட ஆள் இல்லை. நான் நகர பஸ் ஓட்டுகிறவன் என்பது அவவுக்குத் தெரியும். வீடு தேடி வந்து கேட்டா. மறுக்க முடியுமா? சமயம் வேறு, சாரதி வேறு.

அந்தத் தீவில் எங்களுக்குக் கொடுத்த வேலை, ஓட்வார் என்கிற ஒரு கிழவரின் வீட்டுக்குப் பின்னால் பாதையில் விழுந்து கிடந்த மரங்களைத் தறித்து அகற்றுவது. ஓட்வார் மீன்பிடித்து ஓய்ந்தவர். மனைவி இல்லை. கடற்கரையில் அவருடைய படகுக் கொட்டில் புயலில் குப்புற விழுந்து, படகு அதற்குள் அகப்பட்டுக் கிடந்தது. அந்தக் கொட்டில் திரும்ப எழும்பாவிட்டால் படகை வைத்திருக்க ஏலாது, படகு இல்லாவிட்டால் தீவில் தனிய இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று மகன் அவரை நகரத்து மாடிக்கட்டிடம் ஒன்றுக்குக் கொண்டுபோய்விடுவான். இதை மனிதர் முதல் நாளே கோப்பி ஊற்றித் தந்துகொண்டு, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். அடுத்த நாள் கண் டொக்டரிடம் காட்டவென்று கப்பல் ஏறி அக்கரைக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் மரங்களை மத்தியானத்துக்குள் தறித்து முடித்துவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று நிற்கும்போதுதான் நான் அந்தக் கொட்டிலைப் பார்த்தேன். மச்சான், ஒரு மாதமாக அப்படியே கிடக்குது! பலகை ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், அதுக்கு மேலை பனி. எனக்கு மனம் பொறுக்கேல்லை. "ஒரு கிழவன் தனிய இருக்கிறான். விடிஞ்சால் பொழுதுபட்டால் இதைப் பாத்துக்கொண்டே இருக்கிறது? வாங்கோடா பிள்ளையள்!" எண்டன். எங்கடை ஊரிலை ஒரு வீடு விழுந்தால் அடுத்த நாள் விடிய நாங்கள் என்ன செய்வம்? ஓட்டைப் பொறுக்குவம், நிலையைக் கழட்டுவம், மிச்சத்தை விறகுக்கு அடுக்குவம். எங்கடை அரியாலை வீடு சண்டையிலை விழுந்த நேரம் சேதம் எண்டு ஆர் வந்து பார்த்தது? உங்கடை வீட்டை ஆர் வந்து பார்த்தது? அந்தப் பழக்கத்திலை, மோட்டர் வாளை எடுத்து, பலகை எல்லாத்தையும் அடுப்புக்கு அளவாய் வெட்டுவிச்சு, சுவரோரம் அட்டியாய் அடுக்கி, தகரத்தை ஒரு மூலையிலை வைச்சு, முத்தத்தைக் கூட்டி, படகைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விட்டம். கவிசன் எண்ட பெடியன் பலகையிலை இருந்த ஆணியளைக்கூடக் கழட்டி நிமித்தி ஒரு பேணிக்குள்ளை போட்டு வைச்சான். எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். சிவமலர் கட்டித்தந்த றோல்ஸ் எல்லாத்தையும் அண்டைக்கே குடுத்து முடிச்சிட்டன்.

பின்னேரக் கப்பலிலை ஓட்வார் வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழட்டினார். எங்கள் ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்து, "ஆயிரம் நன்றி" எண்டார். பிறகு விறகு கொத்துற குத்தியிலை இருந்துகொண்டு, நாளைக்குக் காலமை காப்புறுதிக் கந்தோரிலை இருந்து சேதம் பார்க்க ஆள் வருது, அவர் வரும்வரை ஒரு சிராம்பைக்கூட அசைக்கப்படாது, அசைச்சால் கொட்டில் கட்டக் காசு இல்லை எண்டு தொலைபேசியிலை சொல்லியிருந்தவை எண்டார். அவ்வளவுதான். ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்ச கதை இதுதான் மச்சான். மரியரஞ்சனி ரீச்சர் எல்லாப் புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டா. ஒரு மனிசன்ரை கடைசிக் காலத்தை நான் அடுப்புக்கு அளவாய் வெட்டிப்போட்டனே எண்டு எனக்கு வெட்கமாய் இருந்தது.

"திரும்பப் பரப்புவம்" எண்டன்.

"என்னத்தை?" எண்டாள் யதுர்ஷா.

"புயலை."

"அப்பா, அது பொய். சேர்ச்சாலை வந்து நிண்டு பொய் செய்யிறதே?"

"பொய் இல்லைப் பிள்ளை. இருந்தபடி வைக்கிறம். இருந்தது உண்மைதானே?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளிப்போய் நிண்டிட்டாள். மிச்சப்பேர் அடுக்கினதைக் குலைக்கத் தொடங்கினம். புயல் செய்த வேலையை மனிசன் செய்யிறது லேசில்லை. ஒரு பெடியன் பலகையைப் பக்குவமாய் ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டாய் வைக்கிறான். "எறியடா, காத்து அப்பிடியே வைச்சது?" எண்டு கத்தவேண்டியிருந்தது. காத்து எந்தப் பக்கத்தாலை அடிச்சது எண்டும் ஒரு வாக்குவாதம். ஓட்வார் குத்தியிலை இருந்தபடியே, கதவு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் கிடந்தது எண்டு விரலைக் காட்டினார். கவிசன் ஆணிப் பேணியை அப்பிடியே கவிழ்த்துவிட்டான். கடைசியாய் எல்லாத்துக்கும் மேலை பனியை அள்ளித் தூவினம்.

காலையில் வந்தவர் கையில் கோப்பும் கமராவுமாக ஒரு நெட்டை மனிதர். கொட்டிலைச் சுற்றி மெல்ல நடந்தார். குனிந்து ஒரு துண்டை எடுத்தார். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாவதையும் வைத்தார். "இந்தப் புயல் அளவுநாடா கொண்டு வந்திருக்கிறது" என்றார். சிரிக்கவில்லை. இங்கத்தைய ஆட்கள் பகிடி விடும்போது சிரிக்கமாட்டார்கள், அதனால் அது பகிடியோ வழக்கோ என்று எனக்கு விளங்கவில்லை.

இங்கேதான் உங்களுக்குக் கதை சொன்னவர்கள் பிழை விடுகிறார்கள். நான் ஒளிக்கவில்லை. முன்னுக்குப் போய் நின்று, நோர்வேஜிய மொழியிலேயே, "வெட்டியது நான். பரப்பச் சொன்னதும் நான். கிழவருக்கும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கில்லை. தண்டனை எது என்றாலும் என் பெயருக்கு எழுதுங்கள், அவருடைய கொட்டிலை மட்டும் மறுக்காதீர்கள்" என்று தெளிவாகச் சொன்னேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது உண்மை. அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யதுர்ஷாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ கேட்டு எழுதினார். என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டிருப்பார். திரும்பி வந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்து, அத்திவாரக் கல்லைப் பார்த்தாலே கொட்டிலின் அளவு தெரிகிறது, மரமும் அவ்வளவும் இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்றார். போகும்போது எனக்குத் தலை குனிந்து ஒரு வணக்கமும் சொன்னார்.

கொட்டிலுக்குக் காப்புறுதிக் காசு அனுமதியாகிவிட்டதென்று போன கிழமை ஓட்வார் தொலைபேசியில் சொன்னார். வைகாசியில் கட்டத் தொடங்குகிறார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான், மறைக்க என்ன இருக்கிறது. ஆகவே அடுத்த கலியாண வீட்டில் யாராவது கேட்டால், எங்கடை இரத்தினவேல் ஒருத்தரையும் ஏமாற்றவில்லை, உண்மையைச் சொல்லி வென்றவர் என்று நீங்கள் நிமிர்ந்து சொல்லலாம். நேர்மைக்கு இந்த நாட்டில் இருக்கிற மதிப்பை நான் கண்ணால் கண்டவன்.

மச்சாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தூரம் எங்களைப் பிரித்தாலும் அந்த முருகன் எல்லோரையும் ஒரே வேலால் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
இரத்தினவேல்

பி.கு.: மாமா, இது யதுர்ஷா. போஸ்ற் பண்ணச் சொல்லி அப்பா தந்தவர், நான் உடைச்சு வாசிச்சிட்டன். என்ரை எழுத்துப் பிழையளை மன்னியுங்கோ. அப்பா சொன்னது அந்த இன்சூரன்ஸ் ஆளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அப்பா பதட்டத்திலை பாதி தமிழிலை சொன்னவர். "உன்ரை அப்பா என்ன சொல்லுறார்?" எண்டுதான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர். நான் சின்னதாய் இருக்கேக்கை விசாவுக்கெண்டு கந்தோர் கந்தோராய் அப்பா இப்பிடித்தான் கோப்பு வைச்சிருக்கிற ஆக்களுக்கு முன்னாலை நடுங்கிக்கொண்டு நிண்டவர், நான் பக்கத்திலை நிண்டு பாத்திருக்கிறன். திரும்ப ஒருக்கால் பாக்க என்னாலை ஏலாமல் போச்சு. அதாலை நான் பொய் சொல்லிப்போட்டன். எங்கடை சமயத்திலை, இடிஞ்ச கட்டிடத்தைப் பொழுதுபட முன்னம் ஒரே அளவாய் வெட்டி அடுக்க வேணும், பிறகு பாக்க வாற விருந்தாளிக்கு மரியாதையாய்த் திரும்பப் பரப்ப வேணும், அப்பா அதைத்தான் செய்தவர் எண்டன். அவர் நல்ல மரியாதையாய் எழுதினவர். சடங்குக்குப் பேர் என்ன எண்டு கேட்டார். வாயிலை வந்தது "எட்டுச்செலவு". அது செத்தவீட்டுச் சொல் எண்டு அம்மாவிட்டைக் கேட்டுப் பிறகுதான் தெரியும். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவர் இப்ப நேர்மையைப் பற்றி பஸ்ஸிலை வாற சனத்துக்கும் சொல்லிக்கொண்டு திரியிறார். ஆனால் மாமா, அந்த ஆள் எனக்கு மெயில் போட்டிருக்கிறார். ஈஸ்ரருக்குப் பிறகு தங்கடை கந்தோருக்கு வந்து அந்தச் சடங்கைப் பற்றி எல்லாருக்கும் கதைக்கட்டாம். உங்கடை கோயில் ஐயரிட்டை, அப்பிடி ஒரு வழக்கம் எங்கையாவது இருக்கோ எண்டு கெதியாய்க் கேட்டுச் சொல்லுங்கோ. இல்லையெண்டால், நீங்கள்தானே தலைவர், அங்கை ஒருக்கால் செய்து தொடக்கி வைக்க ஏலுமோ?