நடந்து போகிற தூரத்தில் கடல்

ரப்பர் உடை இடுப்புவரை சமர்த்தாக ஏறிவிட்டது. அதற்கு மேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பல் டாக்டர், ஓட்டல் குளியலறைச் சுவரில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் உடையை இழுத்தபடி ஒற்றைக்காலில் தத்திக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய உடை. உடையின் மேல் தப்பில்லை. அலமாரியிலிருந்து ஷாம்பு புட்டி விழுந்தது. அதைப் பிடிக்கப் போய் சோப்புப் பெட்டியும் விழுந்தது.

கதவு தட்டப்பட்டது.

"என்னம்மா, உள்ள யாரையாவது போட்டு அடிக்கிறியா?"

மாமியார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்தவள். அவள் ஒரு அதட்டல் போட்டால் நோயாளிகள் மட்டுமல்ல, டாக்டர்களும் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அவள் ஓய்வு பெற்றதைக் கொண்டாடத்தான் இந்தக் கடற்கரைப் பயணம்.

அதாவது, வெளியே சொன்ன காரணம் அது.

பல் டாக்டர் ஒரு காலத்தில் விடுமுறை கிடைத்தால் கடலுக்குள்ளேயே கிடந்தவள். முதுகில் சிலிண்டர், வாயில் காற்றுக்குழாய், சுற்றிலும் மீன்கள். அங்கே யாரும் பேசமாட்டார்கள் என்பதே அவளுக்குப் பாதி சுகம். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமியார் இதைக் கேள்விப்பட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தண்ணி வேலை மட்டும் வேண்டாம்மா. என் நெஞ்சு தாங்காது."

"சரி அத்தை" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். அதன் பிறகு விடுமுறை என்றால் மலை. அடுத்த விடுமுறைக்கு வேறொரு மலை. ஏறி இறங்கி, படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

இந்த முறை மனசு கேட்கவில்லை. மருந்து போட்ட பல் மரத்துப்போகும்வரை நோயாளி வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க, அவள் பக்கத்தில் நின்று போனில் ஓட்டல் தேடினாள். கணவனுக்குப் படித்துக்கொண்டே தூங்க நிழல் வேண்டும். மாமியாரின் முழங்கால் நோவுக்கு வெந்நீர்த் தொட்டி வேண்டும். தனக்கு, நடந்து போகிற தூரத்தில், சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் கூட்டிப்போகிற ஒரு ஸ்கூபா கடை வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தபோது சந்தோஷத்தில் ஒரு நோயாளியின் நல்ல பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டாள்.

விஷயம் தெரிந்தவன் கணவன் மட்டும்தான். முழங்கால் அளவு தண்ணீரிலேயே சாமி கும்பிடுகிறவன் அவன். "எனக்கு எதுவும் தெரியாது. தெரியாதுங்கறதும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

இப்போது கதவு மறுபடியும் தட்டப்பட்டது.

"ஒண்ணுமில்ல அத்தை. உடுப்பு மாத்தறேன்."

"உடுப்பு மாத்தற சத்தமா இது? வழுக்கி விழுந்து வெச்சியா? கதவத் திற."

துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். துண்டு முழங்கால்வரைதான் வந்தது. அதற்குக் கீழே இரண்டு கறுப்புக் கால்கள் பளபளத்தன.

"அது என்ன கறுப்பா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் கைக்கு முதலில் அகப்படும் பொய்யை எடுத்துக்கொள்வார்கள். "காலுக்குப் போடற உறை அத்தை. நாள் பூரா நின்னுக்கிட்டே பல்லு பார்க்கறேன் இல்ல, நரம்பு சுருட்டிக்குது. வலி."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது.

தலைமை நர்ஸ் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "எதுவரைக்கும் இருக்கு இந்த உறை?"

"இடுப்பு வரைக்கும்."

"ஓஹோ."

"முன்ஜாக்கிரதையா அத்தை."

மாமியார் அந்தக் கறுப்புக் கால்களை இன்னொரு தடவை பார்த்தாள். ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் கனிந்தது. "ஏம்மா இத்தனை நாளா சொல்லல? அந்தக் கண்றாவியக் கழட்டிட்டு வந்து படு."

படுத்தாள். வேறு வழி? கால்களுக்கு அடியில் தலையணைகள் அடுக்கப்பட்டன. முட்டிவரை தைலம் பூசப்பட்டது. மகனுக்கு உத்தரவு போனது. "மத்தியானம் வரைக்கும் இவ காலு தரையில படக் கூடாது. பட்டா உன்னைத்தான் கேப்பேன்."

"நீங்க எங்க அத்தை கிளம்பிட்டீங்க?"

"வெந்நீர்த் தொட்டிக்குத்தான். முட்டிக்கு அவ்வளவு நல்லதுன்னு நீதானே சொன்ன."

ஜன்னல் வழியே ஸ்கூபா படகு கிளம்பிப் போவதைப் பல் டாக்டர் படுத்தபடியே பார்த்தாள். நடந்து போகிற தூரம்தான். நடக்கத்தான் விடவில்லை.

மத்தியானம் மாமியார் ஈரத்தலையோடு திரும்பி வந்து, இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரு ஆளாகச் சாப்பிட்டாள். "வெந்நீர்ல சும்மா உக்காந்ததுக்கா இந்தப் பசி?" என்றான் மகன்.

"வேலைய விட்டாச்சு. கவலைய விட்டாச்சு. பசிக்காதா?" என்றாள்.

சாயங்காலம் ஸ்கூபா கடைக்கு ரகசியமாகப் போன் செய்தாள் பல் டாக்டர். அந்தக் கடையை ஒரு தம்பதி நடத்தினார்கள். கணவன்தான் படகுக்காரன்; வருகிறவர்களை ஏற்றிப் போய், அவர்களோடு கடலுக்குள்ளும் இறங்குவான். மனைவி கரையில் கடையைப் பார்த்துக்கொள்வாள்.

"நீங்க வரலையா, உங்க இடத்துல வேற ஒரு ஆளை ஏத்தி அனுப்பிட்டேன்" என்றாள் கடைக்காரி. "புத்தம் புதுசு. ஆனா பயமே இல்லையாம். என் வீட்டுக்காரர் வந்து அப்படிப் புகழ்ந்தார்."

யாரோ ஒரு கத்துக்குட்டி தன் இடத்தில் ஏறிப் போய்த் தன் மீன்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. பல் டாக்டருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் திட்டம் திருத்தப்பட்டது. ரப்பர் உடையைப் பையில் போட்டு விடியற்காலையிலேயே கடைக்குக் கொண்டுபோய் வைத்தான் கணவன். பிணத்தை ஒளிக்கப் போகிறவன்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனான். அதன் பிறகு பல் டாக்டர் மாமியாரிடம் போய், "இப்ப பரவாயில்ல அத்தை. கடலோரமா கொஞ்சம் நடந்துட்டு வந்தா ரத்த ஓட்டம் சரியாகும்" என்றாள்.

"நடக்கறதா? நல்ல கதை. காத்து வாங்கணும், அவ்வளவுதானே? அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்."

வாசலில் ஓட்டல் மானேஜரே ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் அடக்கம்.

"மெதுவாத் தள்ளிக்கிட்டுப் போடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு மாமியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் புறப்பட்டாள்.

கடலோரப் பாதையில் கணவன் தள்ள, மானேஜர் குடை பிடிக்க, பல் டாக்டர் ஊர்வலம் போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் தன் தொப்பியைக் கழற்றினாள். ஸ்கூபா கடை வந்தபோது படகு தூரத்தில் ஒரு புள்ளியாகிவிட்டிருந்தது.

கடைக்காரி வெளியே வந்து நாற்காலியைப் பார்த்தாள். "போன்ல பேசின டாக்டர் நீங்கதானா? ஐயோ, காலு இப்படி இருக்கும்னு தெரியாதே. டாக்டர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் நாங்க இறக்குவோம்."

"நான்தாங்க டாக்டர்."

"பல்லுக்குத்தானே? காலுக்கு?"

பல் டாக்டர் கணவனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, மணலில் நாலு குதி குதித்துக் காட்டினாள்.

பாதையில் நின்றிருந்தவர்கள் ஒரு கணம் மூச்சடைத்து நின்றார்கள். பிறகு கைதட்டினார்கள். மானேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஓட்டல் காத்து அப்படி மேடம்" என்றார்.

"சரி, நாளைக்கு வாங்க" என்றாள் கடைக்காரி. "ஒரு இடம் கூடுதலா இருக்கு. ஆனா அந்த வண்டியில வராதீங்க."

நாளைதான் கடைசி. அதற்கு மறுநாள் விமானம். விமானம் ஏறுகிற அன்று கடலுக்குள் இறங்கக் கூடாது, உடம்புக்கு ஆகாது. பல் டாக்டர் நல்ல பிள்ளையாக நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குப் பூராவும் மாமியார் கொடுத்த மாத்திரையை விழுங்கினாள், தைலத்தைப் பூசவிட்டாள். இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறவளை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சில் ஒரு முள் குத்தியது. சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் மாமியார் கொட்டாவி விட்டு, "நாளைக்கும் காலையிலேயே தொட்டிக்குப் போயிடுவேன். நீ பாட்டுக்கு நிழல்ல உக்காந்திரு" என்றாள். சொல்லத் திறந்த வாயில் பல் டாக்டர் இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்து மர நிழலில் சக்கர நாற்காலி. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் கணவன். அவன் இரண்டாவது பக்கத்தைத் தாண்டுமுன் தூங்கிப்போனான். பல் டாக்டர் நாற்காலியில் ஒரு தலையணையை உட்காரவைத்து, போர்வை போர்த்தி, தன் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டு ஓட்டம் பிடித்தாள். பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆள் வாயைப் பிளந்தான். அவனுக்கு இரண்டு கடைவாய்ப் பல் சொத்தை என்பது ஓடுகிற ஓட்டத்திலும் அவள் கண்ணில் பட்டது.

கடையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கடைக்காரி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக இழுத்து, உடை கழுத்துவரை ஏறியது. ஓட்டல் மாடியிலிருந்து யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ரப்பர் தொப்பியையும் கண்ணாடியையும் கரையிலேயே மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி படகில் ஏறினாள்.

படகில் இன்னொரு பெண் இருந்தாள். அவளும் தொப்பி, கண்ணாடி சகிதம்தான். முகத்தில் மிச்சம் தெரிந்த இடமெல்லாம் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு. காற்றுக்குழாயை இப்போதே வாயில் கவ்விக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இதுதான் அந்தக் கத்துக்குட்டி என்று பல் டாக்டருக்குப் புரிந்தது. முன்பு எரிந்த வயிறு இப்போது எரியவில்லை. பாவம், பயத்தில் குழாயைக் கவ்விக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவளும் காட்டினாள்.

இறங்கினார்கள்.

தலைக்கு மேல் தண்ணீர் மூடியதும் எல்லாச் சத்தமும் அடங்கியது. தன் மூச்சு மட்டும் கேட்டது. கீழே போகப் போக வெளிச்சம் நீலமாகி, நீலம் மெல்லிசாகப் பச்சையாகி, பாறை ஒன்று ஊர்போல விரிந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, இவர்களைச் சுற்றிக்கொண்டு, வேலை இருக்கிறது என்பதுபோலப் போய்விட்டன. இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டு எப்படி இருந்தோம் என்று பல் டாக்டர் நினைத்தாள். கண்ணாடிக்குள் கண் நனைந்தது. அங்கே அதைத் துடைக்கவும் முடியாது.

மணலுக்குள் புதைந்து கிடந்த ஒரு பெரிய திருக்கை மெல்ல எழுந்து, இறக்கை வீசுவதுபோல மிதந்து போனது. கத்துக்குட்டி பல் டாக்டரின் கையைப் பிடித்தாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். இவளும் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை இல்லாமல் ஒருவரோடு இவ்வளவு பேச முடிகிறதே என்று இருந்தது. காற்று தீரும்வரை இரண்டு பேரும் கை கோர்த்தே திரிந்தார்கள்.

படகு கரைக்கு வந்ததும் கத்துக்குட்டி முதலில் இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றாமலே இவளை இறுக்கி ஒரு முறை கட்டிக்கொண்டாள். பிறகு குளிக்கிற தடுப்புக்குப் பின்னால் அவசரமாக நுழைந்துவிட்டாள்.

"ரொம்ப நல்ல துணை" என்றாள் பல் டாக்டர், காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்புகளைக் கழற்றிக்கொண்டே. "பேர்கூடக் கேக்கல."

படகுக்காரன் கயிற்றைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீங்களும் அதே ஓட்டல்தானே டாக்டர், இந்தம்மாவ இங்க பார்த்ததா அங்க மூச்சு விட்டுடாதீங்க, பாவம், இல்லாத கால்வலிய நம்பற மாதிரி நடிச்சு, மருமகளைப் படுக்க வெச்சுட்டுத்தான் தினமும் ஓடி வர்றாங்க."