பெருச்சாளியின் இலவச வெப்சைட்டும் நாற்பத்தோரு பார்வைகளும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்து மூன்று வருடமாகியும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், சுடலைமுத்து என்ற பெருச்சாளி வாழ்ந்து வந்தது. வளை தோண்டித் தருவது அதன் தொழில். முயலோ, காட்டெலியோ, தானே தோண்டச் சோம்பல்படும் முள்ளம்பன்றியோ, யார் வந்து அளவு சொன்னாலும் மூன்று நாளில் வளை தயார். முன்வாசல் ஒன்று, அவசரத்துக்குப் பின்வாசல் இரண்டு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி வாசலில் ஒரு மேடு. கூலி நிலக்கடலை.

மழைக்கு முந்தைய இரண்டு மாதம்தான் இந்தத் தொழிலுக்கு சீசன். அப்போது வருகிற கடலையை வைத்துத்தான் மழைக்காலம் முழுக்க வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வீட்டில் மனைவி பேச்சியம்மாளும் ஒன்பது குட்டிகளும். அந்த வருடம் சீசன் பாதி போய்விட்டது, ஒரு வேலைகூட வரவில்லை.

சுனையில் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் எதிர்வீட்டு முயலைப் பார்த்தது. முயலின் காதெல்லாம் புது மண்.

"என்னப்பா, வீடு மாத்திட்டியா?"

"ஆமாண்ணே. பக்கத்துக் காட்டு ஆளை வச்சுத் தோண்டினேன். போன்ல தேடினேன், அவர் பேருதான் வந்துச்சு."

"நான் உன் வீட்டுக்கு எதிர்லதானேப்பா இருக்கேன்!"

"அது தெரியும்ணே. ஆனா போன்ல நீங்க வரலையே" என்று முயல் உண்மையாகவே வருத்தப்பட்டது.

பெருச்சாளி வீட்டுக்கு வந்து பேச்சியம்மாளிடம் சொன்னது. "நமக்கும் ஒரு வெப்சைட் வேணும் பேச்சி. இல்லாட்டி ஐப்பசி மாசம் குட்டிங்க மண்ணைத்தான் திங்கும்."

பேச்சியம்மாள் பதறவில்லை. ஒரு காய்ந்த தேக்கிலையை எடுத்து, வெப்சைட்டில் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. பெயர். தொழில். இரண்டு படம். முகவரி. அவ்வளவுதான். "இதுக்கு மேல ஒண்ணும் வாங்கிட்டு வந்துடாதீங்க. உங்களை நம்பி ஒரு முறம் வாங்க அனுப்பினா மூணு அண்டா வாங்கிட்டு வர்ற ஆளு நீங்க" என்றது.

காட்டில் வெப்சைட் செய்து கொடுப்பது பரஞ்சோதி என்ற பச்சோந்தி. ஆபீஸ், வாகை மரத்தின் இரண்டாவது கவட்டை. பெருச்சாளி போனபோது அங்கே ஒரு மைனா அழாத குறையாக நின்றுகொண்டிருந்தது.

"பதினெட்டு நாளா சுத்திக்கிட்டே இருக்கு சார். என் வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது."

"லோடு ஆகுது மேடம். வைரத் திட்டம்னா சும்மாவா? அவ்வளவு வெயிட்டான வெப்சைட் இந்தக் காட்டுல உங்க ஒருத்தருக்குத்தான்" என்றது பச்சோந்தி.

மைனா கொஞ்சம் பெருமையோடும் நிறையக் குழப்பத்தோடும் பறந்து போனது.

அடுத்து பெருச்சாளியின் முறை. பச்சோந்தி வைரத் திட்டத்தை விளக்கியது. படங்கள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வருமாம். பின்னணியில் அருவி ஓடுமாம். யாராவது உள்ளே நுழைந்தால் மணி அடித்து "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்குமாம். எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நீலமாகி, சிவப்பாகி, கடைசியில் உடம்பு முழுக்கத் தங்கமாக மின்னிக் காட்டியது. பெருச்சாளிக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. அந்த நேரத்தில் கையிலிருந்த தேக்கிலை மட்டும் சரசரக்காமல் இருந்திருந்தால், குட்டிகளின் மழைக்காலச் சாப்பாடு அன்றைக்கே அருவியில் போயிருக்கும்.

"எங்களுக்கு இது போதுங்க" என்று இலையை நீட்டியது.

பச்சோந்தி படித்துப் பார்த்தது. தங்கம் போய், காய்ந்த மரப்பட்டை நிறம் வந்தது. "இவ்வளவுதானா? இதுக்கு இலவசத் திட்டமே போதுமே."

"அதுல என்னங்க வரும்?"

"பேரு, தொழில், ரெண்டு படம் எல்லாம் நீங்களே போட்டுக்கலாம். முகவரி மட்டும் என் ஆபீஸ் முகவரிதான் வரும். வாகை மரம், ரெண்டாவது கவட்டை. அதை எடுத்துட்டு உங்க வீட்டு முகவரியைப் போடணும்னா பிரீமியம் கட்டணும். ஏழு படி கடலை."

"என்னைத் தேடி வர்றவங்க எல்லாம் உங்ககிட்ட வந்துடுவாங்களே சார்?"

"வந்தா உங்ககிட்ட அனுப்பி வைக்க மாட்டேனா?"

மாட்டாது. காட்டில் முக்கால்வாசிப் பேருக்கு இலவசத் திட்டம்தான்; எல்லோருடைய பக்கத்திலும் அதே கவட்டைதான் முகவரி. கவட்டைக்கு வந்து விசாரிக்கிறவர்களைக் கமிஷன் கொடுக்கிற பக்கத்துக் காட்டு ஆட்களிடம் தள்ளிவிடுவதுதான் பரஞ்சோதியின் உண்மையான வருமானம். பெருச்சாளி பாவம், தலையாட்டிவிட்டு வந்தது.

வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு படிவம். தோண்டித் தோண்டிக் காப்புக் காய்த்த கையால் ஒரு எழுத்தைத் தொட்டால் நாலு எழுத்து விழுந்தது. பெயரை எழுதி முடிக்கவே அரை நாள். பிறகு, 'நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கவும்' என்று வந்தது. ஒன்பது படங்கள். 'பாம்பு உள்ள படங்களை மட்டும் தொடவும்.'

பாம்புப் படத்தைத் தொட எந்தப் பெருச்சாளிக்குக் கை வரும்? சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு, பாம்பு இல்லாத படங்களையெல்லாம் தொட்டது. 'நீங்கள் இயந்திரம்' என்று போன் முடிவாகச் சொல்லிவிட்டது. மூன்று முறை முயன்று மூன்று முறையும் இயந்திரமாகி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. கடைசியில் பேச்சியம்மாள்தான் குட்டிகளை வெளியே அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பாம்பையும் தொட்டு முடித்தது. அதன் பிறகு இரண்டு முறை கையைக் கழுவியது.

மற்றதெல்லாம் சுலபம். 'சுடலைமுத்து வளை வேலைகள்' என்று தலைப்பு. மாதிரிக்குக் காட்ட வேறு வீடு கிடைக்காததால் சொந்த வீட்டையே உள்ளும் புறமும் தெரிகிற மாதிரி ஒரே படமாக எடுத்துப் போட்டார்கள். முன்வாசல் எது, பின்வாசல் எது, எந்தக் கல்லுக்கு அடியில் எது என்று அம்புக்குறி எல்லாம் போட்டது பெருச்சாளி. இரண்டாவது படம் குடும்பப் படம். ஒன்பது குட்டிகளும் வரிசையாக, கொழுகொழுவென்று. கீழே இப்படி எழுதியது: 'காலை பதினொரு மணிக்கு மேல் நானும் மனைவியும் வெளியே போய்விடுவோம். குட்டிகள் மட்டும் இருக்கும். யார் வேண்டுமானாலும் தைரியமாக வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்.'

தொழிலில் ஒளிவு மறைவு கூடாது என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கைதான், யார் இல்லை என்றது?

பக்கம் பளிச்சென்று திறந்தது. சுற்றவில்லை, தொங்கவில்லை. ஆனால் வேலைதான் வரவில்லை. நாலாம் நாள் பெருச்சாளி பார்வையாளர் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தது.

"பேச்சி! ஒரே ஆளு, நாப்பத்தோரு தடவை பார்த்திருக்காரு!"

"ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான். அதுவும் நம்ம குட்டிங்க படத்தை மட்டும் முப்பது தடவை. எவ்வளவு பாசமான மனுசன் பாரேன்!"

யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஓடைக்கரையில் இருக்கும் சாரைப்பாம்பு சடையப்பன்தான். அது சட்டை உரிக்கிற சமயம். கண்ணில் மேகம் மூடிய மாதிரி இருந்ததால், ஒன்பது குட்டிகளையும் சரியாக எண்ணி முடிக்கவே முப்பது தடவை பார்க்க வேண்டியிருந்தது. முகவரியில் மரக்கவட்டை என்று இருந்தது அதற்கு முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. 'மாடி வீடே கட்டிட்டான் போல, தொழில் நல்லாப் போகுது' என்று நினைத்துக்கொண்டு, கண் தெளிவதற்காகக் காத்திருந்தது.

இங்கே பெருச்சாளி வேறு மாதிரி யோசித்தது. "நாப்பத்தோரு தடவை பார்த்த மனுசன் ஏன் நேர்ல வரலை? நம்ம அட்ரஸ் இல்ல, அதான். எப்படியாவது பிரீமியம் கட்டிடணும்."

"வீட்டுல இருக்கிறதே எட்டுப் படி. அதுல ஏழைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டா?"

"வேலை வந்தா எழுபது படி வரும் பேச்சி. அட்ரஸ் தெரிஞ்சா அந்த மனுசன் நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாரு."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, ஏழு படி கடலையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாகை மரத்துக்குப் போனது பெருச்சாளி. பச்சோந்தி மூட்டையை ஒரு கண்ணாலும் பெருச்சாளியை மறு கண்ணாலும் பார்த்தது. இவ்வளவு அவசரமாக வருகிறவன் இன்னும் கொஞ்சம் கொடுப்பான் என்று அதற்குத் தோன்றியது.

"அடடா, ஏழு படி ஆஃபர் நேத்தோட முடிஞ்சுதே. இன்னைக்கு எட்டு."

"ஒரு படிதானே சார். வேலை வந்ததும் தந்துடறேன். இப்பவே என் வீட்டு அட்ரஸைப் போட்டுடுங்க சார், புண்ணியமாப் போகும்."

"நான் போட்டுடுவேன். சிஸ்டம் எடுத்துக்காதுங்க."

பெருச்சாளி கெஞ்சியது. ஒன்பது குட்டிகளைச் சொல்லிக் கெஞ்சியது. பச்சோந்தி பச்சையாகவே இருந்தது. வேறு வழியில்லாமல், மூட்டையை மறுபடி தூக்கிக்கொண்டு, வீட்டில் மிச்சமிருக்கும் அந்த ஒரு படியையும் எடுத்து வரத் திரும்பி நடந்தது பெருச்சாளி. ஏமாற்றப்படுகிறோம் என்று அதற்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுகை வந்தது. கண்ணில் நீர் மறைத்ததால், பாதையோரப் புல்லுக்குள் பளபளப்பான புதுச்சட்டையோடு எதிர்த்திசையில் ஒன்று நழுவிப் போனதை அது கவனிக்கவில்லை.

சரியாகப் பதினொரு மணிக்குச் சாரை கவட்டையில் தலையை நீட்டியது.

"வாங்க சார், வாங்க! புது வெப்சைட்டா?" என்று பச்சோந்தி பழக்கதோஷத்தில் தங்கமாக மின்னிவிட்டுத்தான், வந்திருப்பது யார் என்று பார்த்தது. உடனே இலைப் பச்சை. பிறகு பட்டைப் பழுப்பு. ஆனால் சாரை நிறத்தைப் பார்த்து வருகிற ஆள் இல்லை. நாக்கை இரண்டு முறை நீட்டிப் பார்த்தது. ஆள் அங்கேயேதான் இருந்தது.

"குட்டிங்க எங்க?" என்று கேட்டது சாரை. "ஒன்பது இருக்குன்னு போட்டிருந்துச்சே."

"அது... அது என் கஸ்டமர் வீட்டுக் குட்டிங்க சார். இலவசத் திட்டத்துல என் அட்ரஸ்தான் வரும். அவர் வீடு இங்க இல்லை."

"அவர் வீடு எங்க?"

பச்சோந்திக்கு உயிரே போகிற நேரம்தான். ஆனாலும் மூன்று வருட வியாபாரம் நாக்கில் ஊறிப்போயிருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அந்த அட்ரஸ் வேணும்னா பிரீமியம் கட்டணும் சார்."

சாரை கொஞ்சம் யோசித்தது. கண் இப்போதுதான் தெளிந்திருக்கிறது, வெயில் வேறு ஏறுகிறது, இன்னொரு இடத்துக்கு ஊர்ந்து போவது அலைச்சல்.

"பரவாயில்லை" என்றது. "எனக்கு இலவசத் திட்டமே போதும்."

மதியம் பெருச்சாளி எட்டுப் படியோடு திரும்பி வந்தது. வாகை மரத்தடியில் நிற்கும்போது போன் 'டிங்' என்றது. 'சுடலைமுத்து வளை வேலைகள்' பக்கத்துக்கு முதல் மதிப்புரை. ஐந்து நட்சத்திரம்! வாய்விட்டுப் படித்தது.

"போட்டிருந்த முகவரியில், போட்டிருந்த நேரத்தில் போனேன். காத்திருக்க வைக்கவில்லை. படத்தில் ஒன்பது இருந்தது, நேரில் ஒன்றுதான் கிடைத்தது. இருந்தாலும் வயிறு நிறைந்தது. மீண்டும் வருவேன். இப்படிக்கு, சாரை சடையப்பன், ஓடைக்கரை."

பெயரை இரண்டாவது தடவை படித்தது. பிறகு மெதுவாக மேலே பார்த்தது. கவட்டையில் பரஞ்சோதி இல்லை. நடுவில் மட்டும் புடைத்த நீளமான ஒன்று நல்ல தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் படியையும் தூக்கிக்கொண்டு பெருச்சாளி அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை, அதற்கு முன்னும் பின்னும் அந்தக் காட்டில் எந்தப் பெருச்சாளியும் ஓடியதில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்பது குட்டிகளையும் ஒவ்வொன்றாக எண்ணியது. ஒன்பது. மறுபடி எண்ணியது. ஒன்பது. அப்புறம்தான் உட்கார்ந்து அழுதது. பேச்சியம்மாள் போனை வாங்கிப் படித்துவிட்டு, எட்டுப் படி கடலையையும் எடுத்துக் குதிருக்குள் கொட்டி மூடியது.

"இனி பிரீமியம்னு ஒரு வார்த்தை இந்த வீட்டுக்குள்ள கேட்டுச்சு, பாம்புப் படத்தை நீங்கதான் தொடணும்" என்றது.

செய்தி காடு முழுக்கப் பரவியது. சாரை நாற்பத்தோரு தடவை பார்த்தும், வாசல் வாரியாக அம்புக்குறி போட்டிருந்தும், பெருச்சாளியின் வளையைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! அப்படிப்பட்ட வளை தங்களுக்கும் வேண்டுமென்று காட்டெலிகள் சுனைக்கரையில் வரிசை கட்டி நின்றன. இரண்டு வாரத்துக்கு முன் வீடு மாற்றிய முயல்கூட மறுபடி தோண்டச் சொல்லி வந்து நின்றது. குதிர் நிறைந்து, கடலையை வைக்க இன்னொரு குதிர் செய்ய வேண்டியதாயிற்று.

"எப்படிண்ணே இவ்வளவு பாதுகாப்பா யோசிச்சீங்க?" என்று முயல் கேட்டது.

"எல்லாம் ஆரம்பத்துலேயே திட்டம் போட்டுச் செஞ்சதுதான்ப்பா" என்றது பெருச்சாளி, கொஞ்சமும் கூசாமல். "வைரத் திட்டமெல்லாம் பார்த்தேன். நமக்கு ஒத்து வராதுன்னு விட்டுட்டேன்."

"உங்க வீட்டு அட்ரஸை எல்லாருக்கும் அனுப்பட்டுமாண்ணே?"

பெருச்சாளி சுற்றுமுற்றும் பார்த்தது. "வெப்சைட்ல இருக்கு, பார்த்துக்கச் சொல்லு" என்றது.

நீதி: முதல் வெப்சைட்டை எப்போதும் இலவசத் திட்டத்திலேயே தொடங்குக. கட்டணம் கட்டியவன் வீட்டுக்குத்தான் பாம்பு சரியான வழியில் வந்து சேரும்.