பெர்சிஸை வியாழன் வரை ஏரலில் நிறுத்தி வைக்கவும்

பாளையங்கோட்டை,
செவ்வாய், பகல் பதினொரு மணி.

கர்த்தருக்குள் அன்பும் மதிப்புமுள்ள சம்பந்தி கிங்ஸ்லி அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தேவசிகாமணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் எலிசபெத்தும் சுகம். மஸ்கட்டில் மகன் ஜெபசிங்கும் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தால் அதைத் தற்சமயம் வெளியே சொல்ல வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். காது மந்தம் என்று நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் சொல்லப்போவது ஏரல் கடைத்தெரு முழுக்கக் கேட்டாலும் பொறுத்துக்கொள்வேன், பக்கத்தில் இருக்கும் பெர்சிஸ் காதில் மட்டும் விழக்கூடாது. அதனால்தான் வாழைத்தார் இறக்கிவிட்டு மாலையில் ஏரல் திரும்பும் முத்துமாலையின் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் மகளும் என் மருமகளுமாகிய பெர்சிஸின் லேப்டாப் என் கையால் செத்துவிட்டது. அவளுடைய ஆறு வருஷ ஆராய்ச்சி அதற்குள் இருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்களில் மடை திறக்கும் முறை பற்றி அவள் எழுதிய அத்தனையும் அதில்தான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து, இனி நீட்டிப்பு கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். கடைசி அத்தியாயத்தில் கொஞ்சம்தான் பாக்கி, சனிக்கிழமை ஏரலுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், சுமக்க மாட்டாமல் லேப்டாப்பை மேசையிலேயே திறந்தபடி விட்டுப் போனாள்.

ஞாயிறு மாலை தூசி தட்டப் போனேன். திரையில் ஓர் அறிவிப்பு. முக்கியமான அப்டேட் தயாராக இருக்கிறது, உடனே செய்யவும் என்று. முப்பத்து நான்கு வருஷம் கல்வி அலுவலகச் சுற்றறிக்கை எதையும் மறுநாளைக்கு வைக்காதவன் நான். சரி என்று அமுக்கினேன். திரை கறுத்து, ஒரு கோடு பைய நகர ஆரம்பித்தது. மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று கீழே எழுதியிருந்ததாம். கண்ணாடி போடாததால் நான் படிக்கவில்லை. அதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது. எங்கள் வீட்டுச் சட்டம் நீங்கள் அறிந்ததே. குடும்ப ஜெபத்தின்போது டிவி, போன், மிக்ஸி எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று இருபது வருஷமாக மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றித்தான் முழங்கால் போடுவோம். அன்றும் நானே அணைத்தேன். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பேட்டரி நூறு என்று காட்டும், நாலு நிமிஷத்தில் படுத்துவிடும், ஊரில் சில பெரிய மனிதர்களைப் போல. ஜெபத்தை நான் மூன்று நிமிஷத்தில் முடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அன்றைக்கு இருபது நிமிஷம் ஜெபித்தேன். பெர்சிஸின் ஆராய்ச்சி தடையில்லாமல் முடிய வேண்டும் என்று அதற்காகவே தனியாகப் பத்து நிமிஷம் மன்றாடினேன் சம்பந்தி. நான் மன்றாடிக்கொண்டிருக்கும்போதுதான் அது செத்திருக்கிறது.

மெயினைப் போட்டேன். எல்லாம் எரிந்தது, அது மட்டும் எரியவில்லை. எலிசபெத் அதன்மேல் வேதாகமத்தை வைத்து, கொஞ்சம் பொறுத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வேணும்னே செஞ்சியன்னுதான் எல்லாரும் சொல்லுவாவ" என்றாள். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் சொந்தக்காரர் இருநூறு பேர் முன்னால், பிள்ளை படித்தது போதும் என்று சொன்னவன் நான். நீங்கள் குனிந்து பாயசத்தைக் குடித்தீர்கள். அன்று அதைச் சொன்னவன் இன்று மெயினை அணைத்தால் யார்தான் தற்செயல் என்று நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

திங்கள் காலை அதைத் துண்டில் சுற்றி, மேலப்பாளையத்தில் பழுது பார்க்கும் சல்மான் ஃபாரிஸிடம் எடுத்துப்போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். அன்றைக்கு நான் அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். இப்போது அவன் கடையில் நான் நின்றேன்.

"என்னத்த அமுக்குனிய சார்?" என்று கேட்டான். சொன்னேன்.

"பயோஸ் பாதியில நின்னுட்டு சார். கம்ப்யூட்டரு எந்திரிச்சதும் நான் ஆரு, எங்கன இருக்கேன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்குத எடம் அதான். இப்பம் அதுக்குத் தன் பேரே தெரியல."

எழுதி வைத்தது போய்விட்டதா என்று கேட்டேன். 

"எழுதுனது டிஸ்க்குல பத்திரமா இருக்கும். ஆனா அதுக்குப் பூட்டு போட்டிருக்கு, கழட்டி வேற மிஷின்ல போட்டா சாவி கேக்கும். சாவி இந்த போர்டுலதான் கெடக்கு. போர்ட எழுப்புனாத்தான் ஆச்சு. பயப்படாதிய."

காலி பென்டிரைவ் ஒன்று வேண்டும் என்றான். என் சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். அவன் அதைத் துடைத்து, லேப்டாப் கம்பெனி தந்திருக்கும் கோப்பை ஏற்றி, அதற்கு என்னவோ பெயர் மாற்றி, இரண்டு பொத்தானை அமுக்கியபடி சார்ஜரைச் சொருகினான். பத்து நிமிஷம் யாரும் தொடக்கூடாது என்றான். நான் எழுந்து நின்று காவல் காத்தேன். விசிறி சுற்றியது, விளக்கு மினுங்கியது, திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று தடவை செய்தான், மூன்று தடவையும் அப்படியே. பென்டிரைவைத் திருப்பித் தந்தபோதுதான் அது எங்கள் சபையின் பெரிய வெள்ளிப் பிரசங்கங்கள் ஏழும் இருந்த பென்டிரைவ் என்று நினைவு வந்தது. இப்போது அதில் பிரசங்கம் இல்லை. குருவானவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இனி ஒரே வழிதான் என்கிறான். போர்டில் எறும்பளவு சில்லு ஒன்று இருக்கிறதாம். அதைக் கிளிப் போட்டுக் கவ்வி, வேறு கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாக எழுத வேண்டுமாம். அதற்குரிய கருவி மதுரையிலிருந்து இன்று இரவு வருகிறது. புதன் மாலைக்குள் எழுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். அவள் வேறு எங்காவது நகல் வைத்திருப்பாளோ என்று கேட்கலாம்தான். கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பாள். பொய் சொல்ல எனக்கு வராது.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்பது இதுதான். பெர்சிஸை வியாழன் முதல் பஸ் வரை அங்கேயே நிறுத்தி வைக்கவும். அதற்குத் தோதாக உங்கள் மூட்டுவலியை இரண்டு நாள் அதிகப்படுத்திக்கொள்ளவும். பொய் சொல்லச் சொல்வதாக எண்ண வேண்டாம். வலி இருப்பது உண்மை, அளவைத்தான் கூட்டச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். சமாதானத்தின் தேவன் உங்கள் முழங்கால்களையும் என் மானத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஞா. தேவசிகாமணி

பி.கு. (புதன், மாலை): முத்துமாலை நேற்று வேனை எடுக்கவில்லை, அச்சு முறிந்துவிட்டதாம். கடிதம் என் பையிலேயே கிடந்தது. நேற்றே மூன்று மணிக்குப் பெர்சிஸே வந்து நின்றாள். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். "அது போச்சுன்னு நீங்க சொன்னதும் ஒரு நிமிசம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு மாமா" என்றாள். கடைசி அத்தியாயத்தை அவளுடைய பேராசிரியை மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். விட்டுவிடப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லத்தான் ஏரலுக்கு வந்தாளாம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லையாம். "நீங்க ஜெயிச்சிட்டிய மாமா" என்றாள். சம்பந்தி, என் வாழ்நாளில் இப்படி ஒரு ஜெயம் எனக்கு வேண்டவே வேண்டாம். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "எந்திரி. பாதியில விட்டா நான் உன்னை வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டேன்." பிறகு எனக்கே அழுகை வந்துவிட்டது. பாவம், அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

இன்று காலை இருவருமாக மேலப்பாளையம் போனோம். கிளிப்பைக் கவ்வி ஃபாரிஸ் எழுதினான். பதினொன்றரைக்கு அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்தது. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தவளை நான்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தேன். அடிக்குறிப்புகளை நான் பார்க்கிறேன். இதுவரை முப்பத்தேழு பிழை.

ஆகவே மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம், வலியைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். பெர்சிஸுக்கு உடம்பு எப்படி, மனசு எப்படி என்று பார்க்க நீங்கள் யாரும் கிளம்பி வர வேண்டாம். வெள்ளி மாலை வரை போனும் வேண்டாம். நீங்கள் பெற்றவர்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குப் படிப்பு இருக்கிறது.